வளையும் இழைகள்

அடையாற்றில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், கயல் தன் மூக்கிலிருந்தே எடுத்த செல்களை வளர்த்து வந்தாள். அவற்றின் மேல் சிலியா என்னும் நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். மெல்லிய கண்ணாடி ஊசியால் ஓர் இழையை வளைத்து, அது எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை.

அன்று காலை ஊசி பட்டபோதெல்லாம் அவள் மூக்குக்குள் குறுகுறுத்தது. பிரமை என்று விட்டுவிட்டாள். மதியம், கூட வேலை செய்யும் கிரீஷோடு எதிரே இருந்த கடையில் டீ குடிக்கும்போது, மூக்குக்குள் எதுவோ பலமாக அழுத்தியது.

"லேப்ல யாராவது இருக்காங்களா கிரீஷ்?"

"பூட்டிட்டுதானே வந்தோம். சாவி எங்கிட்டதான் இருக்கு."

அழுத்தம் தொண்டைக்கு இறங்கியது. மூச்சு பாதிதான் வந்தது. இருவரும் ஓடினார்கள்.

ஊசி பெட்டிக்குள்தான் இருந்தது. நுண்ணோக்கியின் திரையில் இழைகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மேலே எதுவோ படுத்திருப்பதுபோல் அசைவற்றுக் கிடந்தன.

"என்ன கருமமோ இது. பிளீச்சிங் ஊத்திக் கொன்னுடறேன்," என்று கிரீஷ் பாட்டிலைத் திறந்தான்.

கயலுக்குக் குரல் எழவில்லை. அவன் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.