நல்ல பாட்டரி

"இன்னொரு தடவை அளந்து பாருங்க தம்பி," என்றாள் கசூபா.

லுசாக்காவில் கரன்ட் போகாத நாளில்லை. மெக்கானிக் ப்வால்யா பார்க்காத இன்வர்ட்டரும் இல்லை. ஆனால் நல்ல பாட்டரியைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்ன வீடு இதுதான். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் மறுபடி வைத்தான்.

"பன்னெண்டே முக்கால் வோல்ட்டு, அக்கா. லோடு குடுத்தும் பாத்தாச்சு, கல்லு மாதிரி நிக்குது. சந்தோஷப்படாம முகம் வாடுறீங்களே! இதுல என்ன ஓட்டுறீங்க?"

"அப்பாவோட ஆக்சிஜன் மெஷின்."

"அப்ப கவலையே வேணாம். கரன்ட் போனா பிளக்கை இதுல மாத்திவிட்டாப் போதும். அப்பா நிம்மதியா மூச்சு விடுவார்."

கசூபா கதவருகே நின்ற கணவன் கங்வாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வேலைக்குப் போயிருந்த அன்னைக்கு, பிளக்கை மாத்தினேன், பாட்டரிதான் காலை வாரிருச்சுன்னு அடக்கத்துக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொன்னீங்க. அன்னைக்குப் பூட்டின ரூமை இப்பதான் திறக்கறேன்."

கங்வா தலை நிமிரவில்லை. "பந்தாட்டம் பாக்கக் கூப்பிட்டாங்க... உடனே வந்துரலாம்னுதான்..."

"இது கெட்டுப்போயிருக்கணும்னு கர்த்தர்கிட்ட எவ்வளவு மன்றாடினேன் தெரியுமா?" என்றாள் கசூபா. "கெட்டிருந்தா, உங்ககூட வாழ்ந்திருப்பேன்."