செத்த வீட்டு நெருப்பு

மறுபடியும் நீலச் சுடர் எழுந்தது. சிவமலர் குமிழிலிருந்து விரலை எடுத்ததும் பொசுக்கென்று அணைந்துபோனது.

ஐப்பசியில் காஸ்காரன் வந்து பற்றவைத்துவிட்டுப் போன பைலட் சுடர் அது, எப்போதும் எரிய வேண்டிய சிறு சுடர். அன்றிலிருந்து அவள் அதை ஒரு நாளும் அணைத்ததில்லை. அறையைச் சூடாக்கும் கிழட்டு காஸ் ஃபயர். ஒருமுறை அணைத்தால் திரும்பப் பற்றுவதற்கு ஆயிரம் சாட்டுச் சொல்லும் என்று, வெளிநாடு வந்து நோர்பரியில் இந்த வீட்டில் குடியேறிய முதல் குளிரிலேயே தெரிந்துகொண்டாள்.

அணைத்தவர் அம்பலவாணன் மாமா. அவள் கணவன் பாலேந்திராவின் சித்தப்பா. மத்தியானம் உள்ளே வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே போய்க் குமிழைத் திருகினார்.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாதாம்.

செத்தது பாலேந்திராவாம். காலையில் கொழும்பிலிருந்து போன் வந்தது. இரவு கிளாலிக் கடலில் சனம் ஏறிய படகுகளுக்கு நேவியின் வெடிச் சூடு விழுந்ததாம். ஊரில் நின்ற அவன் அதில் ஒன்றில் ஏறியதாக யாரோ சொன்னார்களாம். கண்டவன் ஒருவனும் இல்லை. உடலும் இல்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே ஊர் வாய் திறந்த கையோடு உலையையே அணைத்துவிட்டார்கள்.

“மாமா, இது அடுப்பில்லை. ஹீட்டர்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“நெருப்பு நெருப்புத்தான், பிள்ளை.”

சொன்னவர் இப்போது ஓவர்கோட்டோடு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சோபாவில் நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே தை மாதத்துப் பனி. சாத்திரத்துக்காக மனிதர் விறைத்துச் சாகவும் தயார்.

பக்கத்தில் அவர் மனைவி பாலாம்பிகை மாமி. மடியில் ஒரு பை. பைக்குள் புட்டும் ஒரு வெள்ளைச் சீலையும். இரண்டும் மாமா சொல்லி அவள் எடுத்துவந்தவை. புட்டு இன்றைக்கு. சீலை நாளைக்கு, பெண்கள் வந்து சிவமலரின் பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றியபின் உடுத்த.

சிவமலருக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த நெருப்பு பற்றிவிட்டால் இது செத்த வீடு இல்லை. பற்றாவிட்டால் இவர்கள் சொல்வதுதான் உண்மை. பைத்தியக்காரக் கணக்கு என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கைவிட அவள் தயாராக இல்லை.

காஸை முழுதாக அடைத்தாள். திரும்பப் பற்றவைக்க முன் கொஞ்ச நேரம் பொறுக்கவேண்டும், நின்ற காஸ் கலைய வேண்டும் என்று காஸ்காரன் சொல்லியிருந்தான். அந்த இடைவெளி மாமாவுக்கு வாய்ப்பாகப் போயிற்று. விதி என்றார். ஊர் என்ன சொல்லும் என்றார். மானம் என்றார்.

அவள் முன்தகட்டைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தாள்.

பைலட் வாய்க்குப் பக்கத்தில் விரல் போல ஒரு சிறு கம்பி. அது சூட்டை உணர்ந்தால்தான் காஸ் தொடர்ந்து வரும். கம்பி முழுக்கக் கரி. கரி பிடித்தால் அதற்கு ஒன்றும் உறைக்காது. சுடர் தன்னைத் தொட்டுக்கொண்டு எரிந்தாலும், அணைந்துவிட்டது என்று முடிவு கட்டிக் காஸை அடைத்துவிடும்.

“மாமி, துடைக்க ஒரு காய்ஞ்ச துணி வேணும்.”

மாமி பையைத் திறந்தாள். புட்டுப் பார்சலை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு சீலையை உருவினாள். அது புதிது இல்லை. மடிப்புகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. பூச்சி உருண்டை மணத்தது. தலைப்பைப் பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்தாள்.

மாமா துள்ளி எழுந்தார். “உமக்கென்ன விசரே? நாளைக்கு அவள் உடுக்கிற சீலையெல்லோ!”

மாமி அவரைப் பார்க்கவில்லை. கிழித்த துண்டைச் சிவமலரிடம் நீட்டினாள்.

சிவமலர் கம்பியைத் தேய்த்தாள். துணி கறுத்தது. கம்பி தன் நிறத்துக்கு வரும்வரை விடாமல் தேய்த்தாள். பிறகு காஸைத் திறந்து, குமிழை அழுத்தித் தட்டினாள்.

நீலச் சுடர் எழுந்தது.

அழுத்தியபடியே இருந்தாள். பெருவிரல் வலித்தது. நழுவப்போகிற நேரத்தில் அதன்மேல் இன்னொரு பெருவிரல் வந்து அழுந்தியது. மாமி பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

இருவரும் மெல்லக் கையை எடுத்தார்கள்.

சுடர் நின்றது.

சிவமலர் குமிழைத் திருப்பினாள். பொக்கென்ற சத்தத்தோடு நெருப்பு வரிசை முழுதும் பற்றி, அதன்மேலிருந்த வெள்ளைச் சுடுமண் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது.

“பெண்டுகள் ரெண்டுபேருமாச் சேந்து...” என்று மாமா தொடங்கினார்.

மாமி எழுந்தாள். கிழிந்த சீலையை அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

“எண்பத்துமூண்டுக் கலவரத்திலை, கொழும்பிலை நீங்களும் செத்துப்போனியள் எண்டு சனம் சொல்லிச்சுது. அடுப்பை அணைச்சு, எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவும் செய்துபோட்டினம். நீங்கள் அகதிக் கப்பலிலை ஊருக்கு வந்து இறங்கின அண்டைக்கு இந்த வெள்ளைச் சீலையை உடுத்தபடிதான் வந்து வாசல் படலை திறந்தனான்.”

மாமா சீலையைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சிவமலர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அடுப்பையும் பற்றவைத்து, சோற்றுக்கு உலை வைத்தாள்.