ரிப்பேர் டேபிள்

"பை வாங்கி முழுசா ஒரு மாசம் ஆகல. யாருடி கிழிச்சது?"

மகள் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு. மற்ற நேரமெல்லாம் ஓயாத வாய், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் வயது.

அம்மா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முன்பக்கம் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு ஒட்டு. நீலப் பைக்கு ஆரஞ்சு நூல் தையல்.

"என்னங்க, இதைப் பாருங்க."

அப்பா பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு."

"தையலுக்கு மார்க் போடச் சொல்லல." பையை உள்பக்கமாகத் திருப்பினாள். "கிழிசலைப் பாருங்க. தானா கிழிஞ்சா இப்படிக் கோடு போட்ட மாதிரியா இருக்கும்? கத்திரிக்கோல் வேலை."

ஒட்டுப் போட்டது பள்ளியின் 'ரிப்பேர் டேபிள்'. பிள்ளைகளே ஆரம்பித்தது. மதிய இடைவேளையில் நாலு பேர் ஊசி நூலோடு உட்கார்வார்கள். கிழிந்த பை, அறுந்த வார், மடங்காத குடை, எதைக் கொண்டுபோனாலும் சரி செய்து தருவார்கள். குப்பை குறையுமாம், பூமி பிழைக்குமாம். தலைவி இந்த வீட்டு மகள்தான். அவள் சட்டைக்குப் பட்டன் தைப்பது மட்டும் இன்னமும் அம்மா.

"உங்க டேபிள்ல முதல்ல பை தைச்சுக்கிட்டுப் போனாளே ஒருத்தி, வகுப்பே சிரிச்சுது, அவ அழுதான்னு சொன்னியே?"

"ஆமா."

"அவதான். என் பை இப்படி ஆச்சே, உன் பை மட்டும் புதுசா இருக்கலாமான்னு வெட்டிட்டா. வயித்தெரிச்சல்."

"அவ இல்லம்மா."

"அப்ப யாரு?"

மகள் பையை வாங்கி மேஜைக்கடியில் தள்ளினாள்.

"சரி, அந்த அழுத பொண்ணு பேரையாவது சொல்லு."

"மாட்டேன்."

"சொல்லாதே. ஒட்டுப் போட்ட பையைப் பார்த்தா ஆள் தெரிஞ்சிடப் போறா. நாளைக்கு நானே வரேன்."

"அம்மா, ப்ளீஸ்மா! அன்னிக்குச் சிரிச்சதுல ஸ்கூலுக்கே வர மாட்டேன்னுட்டா. இப்பத்தான் ஒழுங்கா வரா. நீங்க வந்து கத்தினா திரும்பவும் நின்னுடுவா."

"வரட்டும். வந்தாத்தானே பிடிக்க முடியும்?"

மறுநாள் காலை. வங்கிக்கும் சண்டைக்கும் மட்டும் எடுக்கும் கைப்பையோடு அம்மா வகுப்பாசிரியை முன் நின்றாள்.

"உக்காருங்க மேடம்."

"உக்கார வரல. ஒட்டுப் போட்ட பையோட ஒரு பொண்ணு வருதாமே, அதைக் கொஞ்சம் கூப்பிடுங்க. ஒரே ஒரு கேள்வி."

"ஒட்டுப் போட்ட பையா? எந்தப் பை?"

"ஏன், எத்தனை இருக்கு?"

ஆசிரியை எழுந்து வகுப்பறைக்கு வெளியே அழைத்துப்போனார்.

தாழ்வாரச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு பை. விலை உயர்ந்தவை, மட்டமானவை, சக்கரம் வைத்தவை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஒட்டு. திரைச்சீலைப் பூ, தலையணை உறைக் கோடு, யாரோ ஒரு அப்பாவின் சட்டைப் பாக்கெட் அப்படியே. சில தையல்கள் பள்ளிக்கூடம் போகாதவன் கையெழுத்து மாதிரி கோணிக்கொண்டு கிடந்தன.

"அடப்பாவமே! வகுப்பு முழுக்க வெட்டிட்டாளா அவ?"

"அவ ஒண்ணும் பண்ணல மேடம். அவங்கவங்க பையை அவங்கவங்களே வெட்டிக்கிட்டாங்க. ஆரம்பிச்சு வச்சது உங்க பொண்ணு."

அம்மா பக்கத்துக் கொக்கியிலிருந்த பையை உள்பக்கமாகத் திருப்பினாள். அதே கத்திரிக்கோல் கோடு.

"பைத்தியமா இதுங்களுக்கு? பூமியைக் காப்பாத்தறேன்னு புதுப் பையை வெட்டுவாங்களா?"

"நானும் அப்படித்தான் திட்டினேன். அன்னிக்குச் சிரிச்சதுங்க கூட வெட்டியிருக்கு."

அம்மா வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இதுல அந்தப் பொண்ணோட பை எது?"

"தெரியாது மேடம்" என்றார் ஆசிரியை. "தெரியக் கூடாதுன்னுதான் வெட்டியிருக்காங்க."