நாற்பத்தெட்டு கிலோ

பறிமுதல் செய்த சிறுத்தைத் தோலைச் சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, வன அலுவலகத்தில் என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வாராவாரம் எடை போட்டு எழுத வேண்டும். முதல் வாரம் மூன்று கிலோ. அப்புறம் ஏறிக்கொண்டே போனது. முத்திரை உடையவே இல்லை.

அந்தச் சிறுத்தையைச் சுட்டுக் கொன்றவன் ஜாமீனில் இருந்தான். திங்கள்தோறும் என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போடுவான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"இன்னைக்கு எடை எவ்வளவு சார்?"

"நாற்பத்தொண்ணு. உனக்கென்ன?"

"தோலுரிக்கறதுக்கு முன்னாடி நிறுத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு இருந்துச்சு."

"அப்ப இன்னும் ஏழுதான்," என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கள் தராசு முள் நாற்பத்தெட்டில் நின்றது. வந்ததும் சொன்னேன். அவன் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

"சார், இன்னைக்கு இங்கயே ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"இது என்ன உன் மாமியார் வீடா? கிளம்பு."

அவன் படியிறங்கியதும் சாக்கு துவண்டு சரிந்தது. மறுபடி எடை போட்டேன். மூன்று கிலோ. முத்திரை அப்படியே இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் சாலையில் போய்க்கொண்டிருந்தான். கூப்பிடு தூரம்தான். நான் கூப்பிடவில்லை.