கடல் தாண்டி வேண்டாம்

"சூடம் அணையறதுக்குள்ள சத்தியம் பண்ணுங்க, மாமா. இனிமே அந்த வேலைக்குப் போகமாட்டேன்னு சொல்லுங்க."

சிறுவாச்சூர் காளி கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நெரித்தது. சுமதி, எரியும் சூடத்தட்டைக் கணவன் சாமிதுரையின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சாமிதுரை பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். பென்ஷனோடு வந்து சும்மா உட்காரத் தெரியாமல், இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்விட்டான். போர் முடிந்து இத்தனை வருஷமாகியும் அங்கே வயல்களில் வெடிகள் புதைந்து கிடக்கின்றன. மண்டி போட்டு, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். கரணம் தப்பினால் மரணம். ஆனாலும் அவனுக்கு அந்த வேலை என்றால் உயிர். சுத்தம் செய்த வயலில் சொந்தக்காரர் முதன்முதலாகக் கால் வைக்கும்போது தேம்பித் தேம்பி அழுவாராம். அதைப் பார்ப்பதற்கே இன்னும் பத்து வருஷம் அங்கே கிடக்கலாம் என்பான்.

"ஆறு வருஷமா எனக்கு ஒரு கீறல் விழுந்துருக்கா, சொல்லு?" என்றான்.

"விழுந்தப்புறம் பதில் சொல்ல நீங்க இருக்கணுமே! போன் அடிச்சாலே எனக்கு ஈரக்கொலை நடுங்குது. உசுரு இருந்தா கூழோ கஞ்சியோ குடிச்சுப் பொழைச்சுக்கலாம்."

மற்ற வருஷங்களில் 'பத்திரமா இருங்க' என்று பஸ் ஏற்றிவிடுகிறவள்தான். இந்த முறை பத்து நாள் லீவில் அவன் வந்து இறங்கியதிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் இதே பல்லவி. தன்மேல் இத்தனை பாசமா என்று சாமிதுரைக்கே ஆச்சரியமாக இருந்தது. வெடிக்கு அசையாத மனுஷன் பெண்டாட்டி கண்ணீரில் கரைந்துபோனான்.

"சரி, தாயே! இனிமே வெடியைக் கையாலயும் தொடமாட்டேன்."

சூடத்தை அடித்து அணைக்க அவன் கையை ஓங்குவதற்குள் சுமதி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. கடல் தாண்டிப் போயி தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"சாமிகிட்ட எதையும் வெவரமாச் சொல்லணும், மாமா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னபடியே சொல்லிச் சூடத்தை அணைத்தான். வெளியே வந்ததும் கிளிநொச்சிக்குப் போன் போட்டான்.

"நல்லா யோசிச்சியா, சாமிதுரை?" என்றார் மேலதிகாரி. "நாளைக்கே உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க. அப்புறம் வரேன்னாலும் முடியாது."

"காளி முன்னாடி சத்தியம் பண்ணிட்டேன், சார்."

போனை வைத்தபோது அவனுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. சுமதி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "வாங்க, நம்ம சோளக் கொல்லையப் பாத்துட்டு வூட்டுக்குப் போவோம்" என்றாள். குரல் தெளிந்திருந்தது.

குரும்பலூரைத் தாண்டி ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினார்கள். பக்கத்துக் கொல்லைகளில் அறுப்பு முடிந்து வெறும் சோளத்தட்டை நின்றது. இவர்களுடைய இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் மட்டும் கதிரோடு காய்ந்து சலசலத்தது.

"என்ன சுமதி, இன்னும் ஒடிக்கலையா?"

"ஆளு வரமாட்டேங்குது, மாமா."

"எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்களாக்கும். விடு, நானே ஒடிக்கிறேன்."

ஆறு வருஷமாக ஒரு அடிகூட மண்ணைப் பார்க்காமல் எடுத்து வைத்தவனில்லை. இது சொந்த மண். செருப்பை உதறிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து காலைத் தூக்கினான்.

"ஐயோ, காலை வைக்காதீங்க!" சுமதி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி? பாம்பா?"

"பன்னித் தொல்லை தாங்கலன்னு என் தம்பி ரஞ்சித்து இதுக்குள்ள நாட்டுவெடி வெச்சுட்டான், மாமா. மாவுருண்டையில பொதிஞ்சு பதினாலு. வெடிச்சது ரெண்டுதான். மிச்சத்தச் சருகுக்குள்ள எங்கெங்க போட்டான்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறான். ஒரு ஆளு உள்ள எறங்கமாட்டேங்குது. போலீசுல சொன்னா அவனத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க."

சாமிதுரை தூக்கிய காலை மெல்ல வரப்பிலேயே வைத்தான்.

"இதை ஏண்டி வந்த அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா லீவு முடியறதுக்குள்ள அவசர அவசரமா எறங்கியிருப்பீங்க," என்றாள் சுமதி, அவன் சட்டைக் கசங்கலை நீவிவிட்டபடி. "ஒரு ஏக்கரு சுத்தம் பண்ண மூணு மாசம் ஆகும்னு நீங்கதானே சொல்லுவீங்க? நமக்கு ரெண்டு ஏக்கரு. பத்து நாள் லீவு எப்படி மாமா பத்தும்?"