இழுத்துக் கட்டின நூல்

மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைக் கண்ணைப் படம் எடுக்கும் மிஷினில் முட்டுக்கொடுத்து, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பச்சைக் கூட்டல் குறியையே பாருங்கண்ணே. இமைக்கக் கூடாது," என்றாள் படம் எடுக்கும் பெண்.

பார்த்தான்.

கூட்டல் குறியின் படுக்கைக் கோடு நடுவில் தொய்ந்து கிடந்தது.

மிஷின்தான் கோளாறு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்படி ஊரையெல்லாம் குறை சொல்லித்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்!

இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவன். இடக்கண்ணை மூடி, வரிசைக்குக் கட்டின நூலை வலக்கண்ணால் பார்த்தால் போதும். மயிரிழை பிசகினாலும் பிடித்துவிடுவான். அந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

முந்தாநாள், கூட்டாளி தொம்மை ஒட்டிய வரிசை அவனுக்குக் கோணலாகத் தெரிந்தது.

"ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயி கண்ணைக் காட்டுல," என்றான் தொம்மை.

"உனக்குத்தாம்ல பொட்டைக்கண்ணு!"

வீட்டுக்காரர் முன்னாலேயே கத்தினான். பதினொரு கல்லைப் பேர்த்துவிட்டு, தானே திரும்ப ஒட்டினான். தொம்மை சிமென்ட் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று அடுத்த வரிசைக்குத் தனியாளாக நூல் கட்டினான்.

நூலும் வளைந்தது.

இன்னும் இழுத்துக் கட்டினான். அப்போதும் வளைந்தது.

இழுத்துக் கட்டின நூல் எந்த ஊரில் வளையும்? இன்று காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

டாக்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். வலக்கண்ணின் உட்புறத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டின மாதிரி ஒரு படம். தளம் போட்டது போல அடுக்கடுக்காக இருந்தது. நடுவில் மட்டும் உப்பியிருந்தது.

"சர்க்கரையால உள்ள நீர் கோத்திருக்கு."

கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். 

"பேத்துதான் எடுக்கணுமா சார்?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஊசி போட்டு வற்றவைக்கலாம் என்றார். மாசாமாசம் இதே மாதிரி படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும், அதுவரை நூல் பார்க்கிற வேலை வேண்டாம் என்றார். பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றதோடு சரி.

வராந்தாவுக்கு வந்தான். கண்ணில் விட்ட சொட்டு மருந்தில் எல்லாமே மங்கல். நல்லவேளை, தொம்மையின் நம்பர் விரலுக்கே மனப்பாடம்.

"ஏல... நீ ஒட்டின வரிசை நேராத்தாம்ல இருந்துச்சு."

மறுமுனையில் கல்லைத் தட்டும் சத்தம் நின்றது.

"தெரியும்ல. இன்னைக்குக் காலையில வந்து நீ பேத்து ஒட்டினதைத்தான் திரும்ப நேராக்கிட்டு இருக்கேன்." தொம்மை கொஞ்சம் தயங்கினான். "மூணு மாசமா இதான வேலை. நீ மத்தியானம் சோத்துக்குப் போவேல்லா, அந்நேரம் உன் வரிசையைச் சரி பண்ணிருவேன்."

 மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தான்.

"அப்ப நீ எப்பம்ல சாப்பிட்ட?"