வீடியோவில் பெரட்டு

மங்களம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில், கோவிட் கிட்டின் உறையைக் கிழிப்பது கணவன் உடையப்பன் காதில் விழாது.

பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். மனசு விட்டுப்போயிற்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அதே முடிவுதான். பழைய பேப்பரில் சுருட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் அமுக்கினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. இருமலைச் சொல்லி அவள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மறுநாள் குடும்பமே கோலா கங்சார் ஆற்றங்கரைக்குப் பிக்னிக் போகிறது. கோவிட் வந்த இரண்டு வருடத்தில் முதல் பயணம். ஏற்பாடு, உடையப்பனின் அண்ணன் பத்துமலை. செமோர் பக்கம் ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் முப்பது வருடம் மண்டோராக இருந்து, விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மண்டோர் மட்டும் மாறவில்லை.

குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்திருந்தது.

"மத்தியானம் மூணு மணிக்கு வீடியோவுல பெரட்டு. எல்லாரும் கிட்டு எடுத்து எனக்குக் காட்டணும். ரெண்டு கோடு வந்தவங்க வேன்ல ஏற முடியாது. எனக்கு நெஞ்சு ஆபரேஷன் பண்ணியிருக்கு, தெரியும்லா."

ஒரு கோடு என்றால் சுத்தம், இரண்டு கோடு என்றால் கோவிட். வீட்டுப் பூனைக்குக்கூட அது தெரிந்திருந்த காலம்.

"ராத்திரி பூரா இருமுனியே, ஒண்ணும் இல்லல்ல?" என்றான் உடையப்பன்.

"தொண்டை கொஞ்சம் கரகரங்குது."

"அண்ணன்கிட்ட மூச்சு விடாதே. நாசி லெமா சோறும் கோழி ரெண்டாங் கறியும் உன் கையாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. பதினாலு பேரு."

"பதினாலா?"

"வேன் பெருசுலா."

கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி மங்களம் கிளம்பினாள்.

போன இடம் முகமது இப்ராஹிமின் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் அவருடைய மருமகள் அஃப்ரீன் இருந்தாள். தன் கல்யாணத்துக்கு முன்னால் கையுறைத் தொழிற்சாலையில் மங்களத்தோடு ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவள்.

"நான் கேட்டது இருக்கா?"

"மெதுவா, அக்கா. மாமா அங்கதான் நிக்கிறாரு."

அஃப்ரீன் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஒரு கிட், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டியிருந்தது.

"என் வீட்டுக்காரரோடது. முந்தாநாள் எடுத்தது. நல்லாத் தெளிவா இருக்கு, யாரும் சந்தேகப்பட முடியாது. பையைப் பிரிக்காம அப்படியே காட்டுங்க."

"இது தப்புதானே, அஃப்ரீன்?"

"தப்புதான். போலீஸ் கேஸ்கூட ஆகலாம். மாட்டுனா என் பேரை இழுக்காதீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தப் பெரியவருக்கு நெஞ்சு ஆபரேஷன் பண்ணியிருக்குன்னு சொன்னீங்களே. தாங்குவாரா?"

"தாங்குவாரு" என்று சொல்லிவிட்டு மங்களம் பையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பெரட்டு தொடங்கியது. திரையில் பத்துமலையின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"மகேந்திரன்!"

கமுந்திங்கில் இருந்த தம்பி மகேந்திரன் நான்கு கிட்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் விரித்துக் காட்டினான்.

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. சரி. உடையப்பன்!"

உடையப்பன் காட்டினான்.

"ஒண்ணு. சரி. மங்களம்!"

அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த மனிதரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பொய்யே சொல்லப்போகிறாள். பையோடு தூக்கிக் காட்டினாள்.

"இன்னும் கிட்டக்க கொண்டா."

கொண்டுபோனாள். நெற்றி விலகி, திரையில் இரண்டு கண்கள் வந்தன. வெகுநேரம் இமைக்காமல் பார்த்தன.

"ஐயையோ, ரெண்டு கோடு!" என்று அலறியது உடையப்பன்தான்.

காலையில் அவள் எடுத்த கிட்டில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. ராத்திரி முழுக்கச் சிரமப்பட்டு இருமியும் இரண்டாவது கோடு வந்து தொலையவில்லை. உலகமே கையுறை கேட்டதால் இரண்டு வருடமாக வாரத்தில் ஆறு நாளும் ஓவர்டைம். ஏழாவது நாளும் நின்று பதினாலு பேருக்குச் சமைக்க அவள் உடம்பில் தெம்பில்லை.

பத்துமலை தொண்டையைச் செருமினார். "மங்களம் ஏழு நாளைக்கு ரூமை விட்டு வரக் கூடாது. உடையப்பா, நீ வீட்டுல இருந்து அவளுக்குச் சாப்பாடு குடு. நாங்க போய்ட்டு வாரோம், வேன் சொல்லியாச்சு."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி நவமணியின் குரல் கணீரென்று வந்தது. "அப்ப பன்னெண்டு பேருக்கு யாரு சமைக்கிறது? என்னைப் பாக்காதீங்க. ஏற்பாடு பண்ணவருதான் சமைக்கணும்."

திரை சட்டென்று அணைந்தது.

மங்களம் அறைக்குள் போய், காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, கை காலை விரித்துப் படுத்தாள். கண் சொருகும் நேரத்தில் கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"மங்களம், அண்ணன் தனியாப் போன் போட்டாரு" என்றான் உடையப்பன், கதவுக்கு வெளியே கிசுகிசுப்பாக. "முப்பது வருஷமா பெரட்டுல பொய்க் காய்ச்சலைப் பாத்த ஆளு அவரு, அவரை ஏமாத்த முடியாதாம்."

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்தாள். "வேற என்ன சொன்னாரு?"

"அந்தக் கிட்டு அவருக்கும் ஒண்ணு கெடைக்குமான்னு கேக்குறாரு."